அப்பாவின் வாயைப் பிடுங்கியவனுக்கு

செவ்வாய்க்கிழமை

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பேப்பரில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் உன் படத்தைப் பார்த்தேன்.

ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் நீ நடுவில் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் எல்லாவற்றிலிருந்தும் நழுவிக்கொண்டு வருகிறாய். காகிதத்தில் குறுக்கே புக முடியாது. அதனால் உட்கார்ந்து கடைசி வரை படி.

அப்பா பேசி ஒன்பது நாள் ஆகிறது. ஒரு சொல் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார். விளக்கை அணைக்க வேண்டுமென்றால் விளக்கைப் பார்க்கிறார். டாக்டரிடம் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை, காரணம் எனக்குத் தெரியும். காரணம் நீ.

எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கண்ணாடிக் கடையில், படிக்கிற கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கையில் ஒரு பழைய பேப்பரைக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்வோம். பொடி எழுத்து இருக்கும் பக்கமாகப் பார்த்து மடித்துக் கொடுப்பேன். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியைப் போட்டுப் பேப்பரைக் கையெட்டும் தூரத்தில் பிடித்தவர், குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, இதைக் கேளேன். லிஃப்ட்டுக்குள்ள தெரியாத ஆளுங்களோட மாட்டிக்கிட்டா, எல்லாரும் மேலே ஓடுற நம்பரையே பாத்துக்கிட்டு ஒரு மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறோம் பாரு, அதுக்குப் பேரு பெட்டிமூஞ்சியாம்" என்றார்.

என் கையில் அவருடைய பழைய கண்ணாடிக் காலின் திருகாணி இருந்தது. அது எங்கே விழுந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

லிஃப்ட்டைப் பெட்டி என்று சொல்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதருக்கு, மூளையில் ரத்தம் அடைத்து விழுந்து எழுந்த பிறகு, லிஃப்ட் என்ற சொல்லே வாயில் வரவில்லை. கரண்டி வரவில்லை, ஜன்னல் வரவில்லை, என் பெயர் வரவில்லை. எல்லாம் புரிகிறது, எதற்கும் பெயர் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் படம் போட்ட அட்டைகளைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல வைப்பார். அப்பா அவற்றைத் தள்ளிவிட்டுத் தன்னிடம் மிச்சமிருக்கும் சொற்களை ஒட்டுப்போட்டுத் தானே பெயர் செய்துகொள்வார். மூன்றாவது மாதம் பரிசோதனை முடிந்து நாலாவது மாடியிலிருந்து இறங்கும்போது, லிஃப்ட்டில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் காதருகே, "எல்லாம்... பெட்டி... மூஞ்சி" என்றார். தரைத்தளம் வரைக்கும் சிரித்தேன். அந்த மூன்று மாதத்தில் நான் சிரித்தது அன்றுதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமானது என்று நினைத்திருந்தேன்.

மதியம் சாப்பிடாமல் கடையின் பின்னறையில் கிடந்த பேப்பர்க் கட்டைப் பிரித்தேன். பதினோரு ஞாயிற்றுக்கிழமை. 'பேர் வைக்கலாம்' என்று தலைப்பு, கீழே உன் படம், அதற்கும் கீழே 'விரைவில் நூலாக'. பதினொன்றில் எட்டு அப்பாவுடையது. மூடியனாதை அவருடையது. அடுக்களையில் மூடி தொலைந்த டப்பாக்களை வரிசையாக வைத்து அவர் வைத்த பேர். சரி, அது போகட்டும், டப்பாவுக்கு வலிக்காது. ஆனால் வராத்தும்மல்? தும்மல் வருவது போல் வந்து ஏமாற்றிவிட்டுப் போகும்போது வாயைத் திறந்தபடி நிற்கிறோமே, அந்த நிலை என்று எழுதியிருக்கிறாய். அப்பா அதைத் தும்மலுக்கா சொன்னார்? தொண்டை வரைக்கும் வந்த சொல் திரும்பிப் போய்விடும்போது, மூக்கைத் தொட்டுக் காட்டி, கண்ணில் தண்ணீரோடு சொன்னார். இப்போது எங்கள் கடை முதலாளி எது வாங்குவது என்று தடுமாறுகிற ஆட்களைக் காட்டி, "பாரு, வராத்தும்மல் வந்திருக்கு" என்கிறார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் சொந்தச் சரக்கு மூன்று. அதில் ஒன்று, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்ட இரண்டு பேர் ஒரே பக்கமாக நடந்து போக நேர்வதற்குப் பிரியாவிடை என்று பேர். இருக்கிற சொல்லையே திருப்பிப் போட்டிருக்கிறாய். உன்னை விளம்பரக் கம்பெனியில் சேர்த்துக்கொண்டது சரிதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிடும்போது உன்னைப் பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் காலையிலேயே எதிர்வீட்டு டீச்சர் புதுப் பேப்பரோடு வந்துவிட்டார். நான் அடுக்களையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். "உங்க பையன் என்னமா எழுதறார் சார்" என்று அப்பாவிடம் சொல்லி, வகுப்பில் படிப்பது போல உரக்கப் படித்தார். நீ எழுதியதுதான், இருந்தாலும் திருப்பி எழுதுகிறேன், என் கையெழுத்தில் படித்துப் பார்:

'சுவர்பார்வை: ஒருவர் உடையை இன்னொருவர் கழற்ற நேரும்போது, இருவரும் சுவரில் ஏதோ எழுதியிருப்பது போல அதையே பார்ப்பது. டாக்டர் அறையிலும் தையல்கடையிலும் காணலாம். முதல் பரிசு, மகள் குளிப்பாட்டிவிடும் வயதான தகப்பனுக்கு. குளியலறையில் எத்தனை ஓடு பதித்திருக்கிறது என்று வீடு கட்டிய கொத்தனாரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.'

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பேப்பரை அங்கேயே வைத்துவிட்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அடுக்களை வாசலில் வடிகட்டியோடு நின்றேன். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் உன் ஃபோன் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை அணைத்து வைத்தது நான்தான்.

குளிக்கவும் மாட்டேன் என்கிறார். துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். மூன்று நாள் பார்த்தேன். நாலாவது நாள் தானே இழுத்து இழுத்து நடந்து போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வலது கையும் காலும் பாதி உயிரோடு இருக்கிற மனிதர், ஈரத் தரையில், தனியாக. நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். தினமும் நிற்கிறேன்.

எல்லாரிடமும் இருக்கிற சொல்லெல்லாம் அவரை விட்டுப் போய்விட்டது. தானாகச் செய்து வைத்துக்கொண்டது நாற்பதோ ஐம்பதோ இருக்கும். நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவோடு அரைமணி நேரம் பேசுகிறாய் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயைப் பிடுங்கத்தான் கூப்பிட்டாய் என்று தெரியாமல் போயிற்று.

அந்தப் பகுதியை நிறுத்து. புத்தகம் வரக்கூடாது. இனி இந்த வீட்டுக்குக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் எடுக்க ஆள் இல்லை.

அக்கா


வெள்ளிக்கிழமை

அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பயம் வந்தது. இரண்டாவது தடவை கோபம் வந்தது. கோபம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. மூளையில் அடைப்பு வந்த மனிதர் ஒன்பது நாள் பேசவில்லை. நீ டாக்டரிடம் காட்டவில்லை. காரணம் உனக்குத் தெரியுமாம். இன்னொரு அடைப்பாக இருந்தால்? எல்லாவற்றுக்கும் காரணம் உனக்கே தெரியும், எல்லாருடைய பதிலும் உனக்கே தெரியும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவரைக் கூட்டிக்கொண்டு போ. மற்றதைப் பிறகு படி.

போய்விட்டு வந்தாயா? இப்போது கேள்.

நான் யார் வாயையும் பிடுங்கவில்லை. பெட்டிமூஞ்சி என்று அவர் ஃபோனில் சொன்ன அன்று நான் சிரித்தேன். அடுத்த ஞாயிறு நான் 'எப்படிப்பா இருக்கீங்க' என்று கேட்பதற்குள், "இன்னொண்ணு... இருக்கு" என்றார். வாரம் முழுக்க யோசித்துத் தயார் செய்து வைத்திருந்தார். இதையெல்லாம் பேப்பரில் போடலாமா என்று கேட்டேன். "போடு, போடு" என்றார். ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன்னால் அவருக்குப் படித்துக் காட்டினேன். பிடிக்காவிட்டால், "இல்ல, இல்ல" என்பார், மாற்றுவேன். வராத்தும்மலைத் தும்மலாக்கியது நான் இல்லை. "தும்மல்னு போடு. நான்னு... தெரிய வேணாம்" என்று அவர்தான் சொன்னார். அவர் பெயரையும் சேர்த்துப் போடுகிறேன் என்றேன், அதற்கும் இல்லை என்றுவிட்டார்.

இவ்வளவும் நம் வீட்டுக் கூடத்தில் நடந்தது. நீ எங்கே இருந்தாய்? ஃபோனை அவர் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போய்விடுவாய். அரைமணி நேரம் ஒரு மனிதர் சிரிக்கிறார். எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒருநாளாவது கேட்டாயா? கேட்டிருந்தாலும் பதில் வரும் வரைக்கும் காத்திருக்க மாட்டாய். அவர் "எனக்கு... அந்த..." என்று தொடங்கினால், "தண்ணியா? போர்வையா? ஃபேனா?" என்று நீயே நாலு சொல் போட்டுவிடுவாய். கடைசியில் பாவம், வேண்டாத போர்வையை வாங்கிப் போர்த்திக்கொள்வார். அதற்கும் அவர் ஒரு பேர் வைத்திருக்கிறார், கேட்டுக்கொள்: முந்துவாய். நான் அதைப் பேப்பரில் போடவில்லை. போட்டிருந்தால் இன்று என்ன எழுதியிருப்பாயோ.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நீ இருந்தா அழுதுக்கிட்டே இருப்பே, அவருக்கு அதுவேற. கிளம்பு" என்றாய். கிளம்பினேன். குளிப்பாட்ட ஓர் ஆளை அமர்த்தலாம் என்றேன். "வேத்து ஆள் அவரைத் தொடறதா" என்று ஃபோனை வைத்துவிட்டாய். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரைக் கேட்டது நான் ஒருவன்தான், அதுவும் தூரத்திலிருந்து.

இனி சுவர்பார்வை. அதைச் சொன்ன அன்று அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் எடுத்துச் சொன்னார். பிறகு, "நீ சொல்லு. அவகிட்ட" என்றார். நீ அவரைக் குளிப்பாட்டும்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்பதை உன்னிடம் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். மூன்று வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை உன் நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். உன்னிடம் அதை எப்படிச் சொல்வது? நீ பாதியிலேயே, "நான் செய்யறது பிடிக்கலையாமா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால் சிரிப்பாக்கிப் பேப்பரில் எழுதிவிட்டேன். அவருக்குப் படித்துக் காட்டாமல் அனுப்பியது அது ஒன்றுதான். நான் செய்த தப்பு அது, ஒப்புக்கொள்கிறேன். மீதி எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தாழ்ப்பாளைக் கழற்றிவிடு. ஃபோனை எடு.

தம்பி


திங்கட்கிழமை

தம்பிக்கு,

உன் கடிதம் போன செவ்வாய் வந்தது. அதைக் கடையில் வைத்துப் படித்தது என் தப்பு. படித்துவிட்டு இயந்திரத்தில் உட்கார்ந்தவள், ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் வலது கண்ணுக்கான லென்ஸை இடது பக்க அளவுக்கு வெட்டிவிட்டேன். முதலாளி வந்து நின்று, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். தம்பி கடிதம் போட்டிருக்கிறான் என்றேன். "நல்ல விஷயம்தானே" என்றார்.

தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னாய். உன் கடிதம் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே அது கழன்றுவிட்டது. உள்ளே சத்தம் கேட்டது, பிறகு சத்தமே கேட்கவில்லை. டீச்சரின் வீட்டுக்காரர் ஓடிவந்து திருப்புளியால் நெம்பினார். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். எலும்பு எதுவும் முறியவில்லை. அந்த நிலையிலும் துண்டை இடுப்பில் இழுத்து விட்டுக்கொண்டுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

புதன்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போனேன். நீ சொன்னதற்காகப் போகவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நீ சொன்னதற்காகத்தான் போனேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். புதிதாக அடைப்பு இல்லை. "பேச முடியாம இல்லம்மா, பேச மாட்டேங்கறார்" என்றார் டாக்டர். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "பேப்பர்ல போடச் சொன்னது நீங்களா?" தலையாட்டினார். "எனக்கு முந்துவாய்னு பேர் வெச்சீங்களா?" அதற்கும் தலையாட்டினார். இடது பக்க உதடு லேசாக மேலே போனது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சுவர் சமாசாரத்தை என்கிட்ட நேரா ஏன் சொல்லலை?" என்றேன்.

வாயைத் திறந்தார். வரவில்லை. மறுபடி திறந்தார். எனக்கு நாக்கு நுனியில் ஆறு சொல் நிற்கிறது. வெட்கமா, பயமா, கோபமா என்று கேட்டுவிடலாம் போல இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே தெருவில் ஒருவர் வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார், அது கிளம்பவில்லை, தள்ளிக்கொண்டே போய்விட்டார். அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு சொன்னார். "நீ... அழுவே."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நான் அழக்கூடாது என்று ஊர் சிரிக்க வைத்தீர்களா என்று கத்தினேன். பேப்பர் வாங்குகிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், தினம் சோப்பு போட்டுவிடுகிறவளுக்குத் தெரியக்கூடாதா என்றேன். விழுந்து மண்டை உடைந்திருந்தால் யாரைக் குளிப்பாட்டியிருப்பேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதத் தகாதது. தகப்பனிடம் பேசுகிற பேச்சே இல்லை.

அப்பா இடது கையை நாற்காலியில் ஓங்கி அடித்து, "வாய மூடு, கழுதை" என்றார்.

ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஒட்டு இல்லை, திக்கல் இல்லை. விழுவதற்கு முன்னால் இருந்த குரல் அப்படியே. பிறகு அவருக்கே ருசி கண்டுவிட்டது போலிருக்கிறது. எருமை என்றார், தறுதலை என்றார், லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளரைத் திட்டுவாரே, அந்தத் திட்டெல்லாம் வரிசையாக வந்தது. பாதி எனக்கு, பாதி உனக்கு. உனக்குக் கிடைத்ததை இங்கே எழுதினால் தபால்காரர் கையில் வாங்க மாட்டார். பேச்சுப் பயிற்சி அம்மாளிடம் கேட்டேன். திட்டு, எண்ணிக்கை இதெல்லாம் சிலருக்குத் தப்பி நிற்குமாம், அது மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம். இத்தனை மாதம் அவரைத் திட்டவிடாமல் பக்குவமாகப் பார்த்துக்கொண்டேனே என்று வருத்தமாக இருக்கிறது.

சண்டை முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவர் உன் மேல் ஏன் கோபமாக இருக்கிறார் என்று துண்டு துண்டாகச் சொன்னார். மற்ற எட்டும் உனக்குத் தந்ததுதான். பேப்பருக்குத் தந்ததுதான். "அது... அவளுக்கு" என்றார். என்னைக் காட்டி, "உனக்கு" என்று திருத்திக்கொண்டார். எனக்கென்று கொடுத்தனுப்பிய ஒன்றை நீ வழியில் பிரித்து ஊருக்குக் காட்டிவிட்டாய். நீ ஒப்புக்கொண்ட தப்பு சின்னத் தப்பு என்று எண்ணிக்கொள்ளாதே.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத்தான். ஓடுகளை நானும் எண்ணியிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டு என்றேன். இல்லை என்று தலையாட்டி, விரலால் காட்டி, நூற்றுப் பதினான்கு என்றார். குழாய்க்குப் பின்னால் அரை ஓடு நாலு இருக்கிறதாம். அதை எப்படிச் சேர்ப்பது, அரை ஓடு ஓடே ஆகாது என்று அதற்கும் ஒரு சண்டை போட்டோம். அன்று அவர் முகத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். மோவாயில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது.

குளிப்பாட்ட ஆள் வைக்கச் சொன்னாயே, வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லி ஒருவரை அனுப்பினார்கள். கைதேர்ந்த ஆள்தான். ஆனால் வாய் ஓயாது. "தாத்தா கையத் தூக்குங்க பாப்போம், சமத்து" என்று பச்சைக் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். இரண்டாம் நாள் அப்பா குவளையை வீசி எறிந்தார். அந்த ஆள் போய்விட்டார். யாரை வைப்பது என்று அப்பாவையே கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். "அவன் வரட்டும்" என்றார். யாரென்று எழுத வேண்டியதில்லை.

புத்தகத்தைப் பற்றியும் கேட்டேன். எனக்கு அதில் இன்றைக்கும் சம்மதமில்லை. உன் சிரிப்புப் படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எரிகிறது. ஆனால் சொல் அவருடையது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புத்தகம் வரட்டுமாம். வராத்தும்மலைத் திருப்பி எழுத வேண்டுமாம். "தும்மல் இல்ல. சொல்லு. சொல்லு வரல. நான்னு போடு" என்றார். இதைச் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. நடுவில் நான் ஒரு சொல் போடவில்லை, நம்பினால் நம்பு. சுவர்பார்வை மட்டும் அதில் இருக்கக் கூடாது. இது அவர் சொன்னதில்லை, நான் சொல்வது. அது எனக்கு வந்தது, நான் தரமாட்டேன்.

அதனால் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. ஒரு மாதமாவது எடு. உன் கம்பெனியில் உன்னை விட்டால் சோப்பு விற்காது என்று கதை சொல்லாதே. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடச் சொல்லியிருக்கிறேன், ரப்பர் கால் வைத்த முக்காலி வாங்கிவிட்டேன். வலது சட்டைக் கையை முதலில் கழற்றக் கூடாது, இடதைத்தான் கழற்ற வேண்டும், போடும்போது வலது முதலில். தண்ணீரைத் தலையில் ஊற்றுவதற்கு முன்னால் காலில் ஊற்று, இல்லாவிட்டால் திடுக்கிடுவார். மீதியை அவரே திட்டிச் சொல்லிக்கொடுப்பார்.

எனக்காக வரச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பாவைக் காட்டப் போன அன்று, நான் அவரைத் தூக்கி நிறுத்துவதைப் பார்த்துவிட்டு டாக்டர் என் வலது தோளையும் அழுத்திப் பார்த்தார். சதை கிழிந்திருக்கிறதாம், ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாதாம். அதெல்லாம் சும்மா சொல்வார்கள். இடது கையால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதற்காகத்தான்.

கோபம் அப்படியே இருக்கிறது. நீ வந்தாலும் இரண்டு நாள் உன்னோடு பேச மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் அறையில் அப்பாவின் நடைவண்டியும் மாத்திரைப் பெட்டியும் கிடந்தன, எடுத்து ஒதுக்கிவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். பகல் வண்டியில் வா. ஜன்னல் ஓரம் உட்காராதே, உனக்குக் காற்றுப் பட்டால் காது வலி வந்துவிடும், பஞ்சு வைத்துக்கொள். வழியில் எதையும் வாங்கித் தின்னாதே. எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பாடு இருக்கும்.

அக்கா